வீட்டு ஃபைபர் இணைப்பு: கம்பம் முதல் ரவுட்டர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ, ஏசிடி, ஊர்க் கேபிள்காரர் என்று யார் கொடுத்த ஃபைபராக இருந்தாலும் வீட்டுக்குள் வந்து சேரும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மெல்லிய கறுப்பு வயர், அதன் முனையில் பச்சை அல்லது நீலத் தலை, விளக்குகள் மின்னும் ஒரு பெட்டி, ஒரு அடாப்டர். பழுது எங்கே என்று தெரியாமல் பெட்டியை மாற்றுவதும் பிளானை உயர்த்துவதும்தான் வழக்கமாக நடக்கிறது. வீட்டுக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்ற ஓர் எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த எண்ணைச் சுற்றித்தான் வரும்.

ஃபைபர் எங்கிருந்து புறப்படுகிறது? வழியில் என்னென்ன இருக்கிறது?

எக்ஸ்சேஞ்சிலோ கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமிலோ ஓஎல்டி என்ற, ஒளியை அனுப்பி வாங்கும் கருவி இருக்கும். அதன் ஒவ்வொரு பான் போர்ட்டிலிருந்தும் ஒரே ஒரு ஃபைபர் இழை புறப்படும். ஓர் இழையைப் பல வீடுகள் பங்கிடும் முறைக்குத்தான் பான் என்று பெயர். தெருவில் ஸ்ப்ளிட்டர்கள் அதைப் பிரித்து 32, 64 என்று பல வீடுகளுக்கு அனுப்பும். ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. வெறும் கண்ணாடிதான்.

போக வர இரண்டுக்கும் ஒரே இழை போதும், ஏனென்றால் இரண்டு திசைக்கும் ஒளியின் அலைநீளம் வேறு. பான் வகைகளில் ஒன்றான ஜிபான் முறையில் வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310. கேபிள் டிவியும் சேர்ந்து வந்தால் அது 1550-இல் வரும். ஜிபானில் ஒரு போர்ட்டின் மொத்தத் திறன் இறங்குதிசையில் 2.488 ஜிபிபிஎஸ், ஏறுதிசையில் 1.244 ஜிபிபிஎஸ். அந்தப் போர்ட்டில் உள்ள எல்லா வீடுகளும் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஊர்க் கேபிள்காரர்கள் பலரிடம் இருப்பது ஈபான் என்ற இன்னொரு வகை. அதில் இரு திசையிலும் 1.25 ஜிபிபிஎஸ் லைன் வேகம். 10 ஜிபிபிஎஸ் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் முறை 1577, 1270 என்ற வேறு அலைநீளங்களில் ஓடுவதால் பழைய ஜிபான் ஓடும் அதே இழையிலேயே அதையும் ஏற்றலாம்.

பக்கத்து வீட்டுக்குப் போகும் தரவும் உங்கள் இழையில் வரத்தான் செய்யும். ஸ்ப்ளிட்டருக்கு ஆள் பார்த்து அனுப்பத் தெரியாது. தனக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்வது பெட்டியின் வேலை. ஜிபானில் இறங்குதிசைத் தரவை ஏஇஎஸ் முறையில் பூட்டி அனுப்பும் வசதியும் உண்டு.

ஸ்ப்ளிட்டரில் எவ்வளவு ஒளி போகும்?

ஒளி இழப்பை டிபி (டெசிபல்) கணக்கில் சொல்வார்கள். இரண்டாகப் பிரித்தால் சுமார் 3.5 டிபி, நான்கானால் 7.2, எட்டானால் 10.5, பதினாறானால் 13.8, முப்பத்திரண்டானால் 17 டிபி. ஒவ்வொரு 3 டிபிக்கும் ஒளி பாதியாகக் குறையும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு கணக்கு. டிபிஎம் என்பது ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. ஓஎல்டியிலிருந்து +4 டிபிஎம் புறப்படுகிறது. 5 கிலோமீட்டர் ஃபைபருக்கு 1.5 டிபி, ஒரு நான்கு-வழி, ஓர் எட்டு-வழி ஸ்ப்ளிட்டருக்கு 17.7, நான்கு கனெக்டருக்கு 1.2, ஆறு ஒட்டுகளுக்கு 0.3. மொத்த இழப்பு 20.7 டிபி. வீட்டில் −16.7 டிபிஎம் கிடைக்க வேண்டும். அங்கே −24 காட்டினால் வழியில் எங்கோ 7 டிபி காணாமல் போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பெட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கேபிள் டிவி பழக்கத்தில் வளர்ந்த நெட்வொர்க்குகளில் சமமில்லாத கப்ளர்களும் இருக்கும். 90:10 கப்ளர் ஒரு கம்பத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த கம்பத்துக்கு விடும். நீளமான தெருவுக்கு இது சிக்கனம். ஆனால் நடுவில் ஒரு கம்பத்தில் கோளாறு வந்தால் அதற்கப்பால் உள்ள அத்தனை வீடும் சேர்ந்து படுத்துவிடும்.

வீட்டில் இருப்பது மோடமா, ஓஎன்டியா, ஓஎன்யூவா, ரவுட்டரா?

ஒளியை மின்குறியாக மாற்றுவது ஓஎன்டி. ஓஎன்யூ என்று எழுதியிருந்தாலும் வீட்டைப் பொறுத்தவரை அதேதான். வைஃபை ஆன்டெனா உள்ள பெட்டியானால் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு லேன் போர்ட் மட்டும் உள்ள சின்னப் பெட்டியானால் ரவுட்டர் தனியாக வேண்டும். 'மோடம்' என்பது டெலிபோன் கம்பியில் பிராட்பேண்ட் வந்த காலத்துப் பேச்சு வழக்கு, லைன்மேனுக்குப் புரியும்.

விளக்குகள் என்ன சொல்கின்றன?

எல்ஓஎஸ் என்று போட்ட விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவே இல்லை, அல்லது பெட்டிக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. வயர் அறுந்திருக்கலாம், தலை கழன்றிருக்கலாம், ஓஎல்டியே அணைந்திருக்கலாம்.

எல்ஓஎஸ் அணைந்து, பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஓஎல்டியுடன் பதிவாகிவிட்டது. எல்ஓஎஸ் அணைந்தும் பான் மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, பதிவு ஆகவில்லை. பெட்டியின் சீரியல் எண் ஓஎல்டியில் ஏற்றப்படாதது, ஜிபான் லைனில் ஈபான் பெட்டியை மாட்டியது, நீங்கள் அனுப்பும் ஒளி அந்தப் பக்கம் போய்ச் சேராதது, இந்த மூன்றில் ஒன்று காரணம். மூன்றாவதை எளிதில் கோட்டை விட்டுவிடுவார்கள். வரும் ஒளி நன்றாகவே காட்டும், ஆனாலும் இணைப்பு ஏறாது.

பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பாக அல்லது அணைந்து இருந்தால் ஃபைபரில் குற்றமில்லை. நிறுவனம் தந்த பிபிபிஓஈ லாகினின் யூசர் நேம், பாஸ்வேர்டு, விலேன் எண், கட்டாத பில் என்று அந்தப் பக்கம் பாருங்கள். பெட்டியை ரீசெட் ஊசியால் குத்திவிட்டு "இப்போ சுத்தமாவே போச்சு" என்று கூப்பிடுபவர்களின் நிலை இதுதான். ரீசெட் செய்தால் அந்த அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும். ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு.

ஒளி அளவு எவ்வளவு இருக்க வேண்டும்? அதை எங்கே பார்ப்பது?

பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஐபி முகவரி இருக்கும். 192.168.1.1, 192.168.0.1, 192.168.100.1 ஆகியவை வழக்கமானவை. பிரவுசரில் அதைத் திறந்து, ஸ்டிக்கரில் உள்ள பெயர், கடவுச்சொல் கொடுத்து, ஸ்டேட்டஸ் பகுதியில் பான் அல்லது ஆப்டிகல் இன்பர்மேஷன் என்ற பக்கத்துக்குப் போங்கள். ஆர்எக்ஸ் பவர் என்று இருப்பதுதான் வந்து சேரும் ஒளி.

ஜிபானில் பரவலாக உள்ள பி பிளஸ் வகுப்பில் பெட்டி தாங்கும் எல்லை −8 முதல் −27 டிபிஎம் வரை. எல்லைக்குள் இருந்தாலே நல்லது என்று பொருளல்ல. −15 முதல் −22 வரை நிம்மதியான அளவு. −23 முதல் −25 வரை ஓடும், ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் தாங்க இடமில்லை. −26-ஐத் தொட்டால் வேகம் ஏறி இறங்கும், வீடியோ கால் உறையும், இரவில் இரண்டு தடவை தானாகவே அறுந்து சேரும். −40 என்றோ வெறும் கோடாகவோ காட்டினால் ஒளியே இல்லை.

−8-ஐ விடப் பலமாக, −5, −6 என்று வந்தாலும் தொல்லைதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓஎல்டி பக்கத்திலேயே இருந்து ஸ்ப்ளிட்டர் குறைவாக இருந்தால் இப்படி ஆகும். ஒளி வாங்கும் பகுதி திணறும், நாளடைவில் கெடவும் கூடும். அட்டெனுவேட்டர் ஒன்று போட்டு 5 அல்லது 10 டிபி குறைக்கச் சொல்லுங்கள்.

ஒரு நாள் காட்டும் அளவைவிட அது எவ்வளவு மாறியது என்பதுதான் முக்கியம். இணைப்பு போட்ட அன்று −19 என்று குறித்து வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து −22 என்று பார்த்தால், வரும் ஒளி பாதியாகிவிட்டது. இன்னும் நெட் ஓடுகிறது என்பதால் யாருக்கும் தெரியாது. பெட்டியை மாட்டிய தினமே அந்த எண்ணை அதன் முதுகில் மார்க்கரால் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

அதே பக்கத்தில் டிஎக்ஸ் பவர், அதாவது பெட்டி அனுப்பும் ஒளி இருக்கும். +0.5 முதல் +5 வரை சரி. வெப்பநிலை 70 டிகிரியைத் தாண்டினால் பெட்டிக்குக் காற்றில்லை. டிவி ஷோகேஸுக்குள், செட்டாப் பாக்ஸ் மேல், திரைச்சீலைக்குப் பின்னால் வைத்த பெட்டிகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் இதுதான் கதி.

சில நிறுவனங்கள் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கும். அப்படியானால் லைன்மேன் வரும்போது பவர் மீட்டரை 1490-இல் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 1310-இல் வைத்து அளந்தால் எண் சற்றுத் தவறாக வரும். பெட்டியிலிருந்து வெளிவரும் ஒளியைச் சாதாரண மீட்டரால் அளக்க முயல வேண்டாம். ஓஎல்டி அனுமதி தந்தால்தான் ஓஎன்டி ஒளி விடும், அதுவும் துண்டு துண்டாக. மீட்டர் ஒன்றும் காட்டாது என்பதால் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

பச்சைத் தலைக்கும் நீலத் தலைக்கும் என்ன வித்தியாசம்? மாற்றிச் செருகினால் என்ன ஆகும்?

இரண்டும் எஸ்சி வகைதான், ஆகவே ஒன்றின் சாக்கெட்டில் மற்றொன்று அழகாக நுழையும். அங்கேதான் வினை. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, பெயர் ஏபிசி. நீலத்தின் முனை சாய்வில்லாதது, பெயர் யுபிசி. சாய்வும் நேரும் சேர்ந்தால் நடுவில் இடைவெளி விழும். பல டிபி போய்விடும், ஒளி திரும்பி அடிக்கும், இரண்டு முனைகளும் உரசிக் கீறல் விழவும் செய்யும். −18 இருந்த வீட்டில் பெட்டியை மாற்றிய அன்றே −23 ஆனால் முதலில் இந்த நிறத்தைப் பாருங்கள்.

பெட்டியின் சாக்கெட் நீலமாகவும் வயரின் தலை பச்சையாகவும் இருந்தால் ஒரு முனை பச்சை, மறு முனை நீலம் உள்ள பேட்ச் கார்டு கடையில் கிடைக்கும். நடுவில் போடும் அடாப்டர் பச்சையாக இருக்க வேண்டும். அதே இழையில் கேபிள் டிவியும் வந்தால் பச்சை கட்டாயம். திரும்பி அடிக்கும் ஒளி டிவி சிக்னலைத்தான் முதலில் கெடுக்கும்.

தலையை எப்படிச் சுத்தம் செய்வது?

ஒளி ஓடும் நடுப்பகுதியின் குறுக்களவு 9 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு அதை மறைத்துவிடும்.

முதலில் பெட்டியை ஆஃப் செய்யுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் தலையின் உடம்பைப் பிடித்து நேராக வெளியே எடுங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துடைப்புத் தாளில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளை முனையை ஒரே திசையில் ஒரு தடவை இழுத்துத் துடைத்து, உலர்ந்த இடத்தில் இன்னொரு தடவை இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. எஸ்சி தலைக்கு 2.5 மில்லிமீட்டர் கிளிக் கிளீனர் பேனா இருந்தால் இன்னும் எளிது. சாக்கெட்டுக்குள் இருக்கும் முனையையும் அதால் சுத்தம் செய்யலாம். பிறகு மேட்டைப் பள்ளத்துக்கு நேராக வைத்து, 'டிக்' என்று கேட்கும்வரை செருகுங்கள். அரைகுறையாகச் செருகிய தலையால் வந்த சிவப்பு விளக்கே ஏராளம்.

வாயால் ஊதக் கூடாது, ஈரம் படியும். பஞ்சு, பனியன் துணி நூல் விடும். கை கழுவும் சானிடைசரில் கிளிசரினும் தண்ணீரும் இருப்பதால் முனையில் படலம் விட்டுப் போகும்.

வயரை எவ்வளவு வளைக்கலாம்?

பழைய ஜி.652டி இழைக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வீட்டுக்கு இழுக்கும் வயரில் இப்போது இருப்பது பெரும்பாலும் ஜி.657. அதில் ஏ1 வகை 10, ஏ2 வகை 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். எந்த வகை என்று வயரின் மேல் அச்சிட்டிருக்கும். தெரியாவிட்டால் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி வயரை உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் சுற்றி வையுங்கள். ஜன்னல் கதவில் நசுங்குவது, ஆணி கிளிப்பைச் சுத்தியலால் அழுத்தி அடிப்பது, கேபிள் டையை மூச்சுமுட்ட இறுக்குவது ஆகியவையும் வளைவுக்குச் சமமான கேடுதான்.

வளைவில் நீளமான அலைநீளம்தான் முதலில் கசியும். 1550 முதலில், அடுத்து 1490, கடைசியில் 1310. ஒரே வயரில் வரும் டிவியில் படம் உடைந்து, நெட் மட்டும் நன்றாக ஓடினால் எங்கோ வயர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு லேசர் பேனா இருந்தால் வயரைக் கழற்றி ஒரு முனையில் செருகுங்கள். மஞ்சள் அல்லது வெள்ளை உறை உள்ள பேட்ச் கார்டில் மடிந்த இடம் சிவப்பாக ஒளிரும். கறுப்பு வயரில் தெரியாது.

காலையில் வருகிறது, மதியம் போகிறது. மழை பெய்தாலும் போகிறது. ஏன்?

இதற்குப் பதில் வயரின் முனை எப்படிப் போடப்பட்டது என்பதில் இருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு. ஸ்ப்ளைசிங் மெஷினில் இழையை உருக்கி ஒட்டினால் இழப்பு 0.02 முதல் 0.05 டிபி. ஒட்டின் மேல் ஸ்லீவ் போட்டுச் சூடாக்கிவிட்டால் பல ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். மெஷின் இல்லாமல் கையால் போடுவது ஃபாஸ்ட் கனெக்டர். 250 மைக்ரான் பூச்சைச் சுரண்டி, 125 மைக்ரான் கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்து, கிளீவரால் நேராக வெட்டி, உள்ளே தள்ளிப் பூட்டுவார்கள். உள்ளே இருக்கும் ஜெல் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நிரம்பும். சரியாகப் போட்டால் 0.3 முதல் 0.5 டிபி.

சரியாகப் போடாவிட்டால்தான் மேற்படி கூத்து. மொட்டை மாடி வெயிலில் வயரின் உறை நீளும், இரவில் சுருங்கும். பூட்டு தளர்ந்திருந்தால் உள்ளே இழை மைக்ரான் கணக்கில் பின்வாங்கும். ஒளி குறையும். காலை 7 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் ஆர்எக்ஸ் பவரைக் குறித்துப் பாருங்கள். 2 டிபிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபாஸ்ட் கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே தலை போட்டு வரும் பிக்டெயில் வயரை உருக்கி ஒட்டித் தந்தால் இன்னும் நல்லது.

மழைக்குக் காரணம் பெரும்பாலும் கம்பத்தில் தொங்கும் ஜாயின்ட் பாக்ஸ். மூடி உடைந்து, வயர் நுழையும் ஓட்டை மேல் பக்கமாகத் திரும்பியிருந்தால் தண்ணீர் உள்ளே நின்று, கனெக்டர் முனைகளில் அழுக்கு படியும். காற்றில் ஆடும் வயர் தளர்ந்த தலையை மேலும் இழுக்கும்.

வயர் வெட்டுப்பட்டால் பிய்ந்த முனைகளைச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீண் வேலை. செப்புக் கம்பிக்குச் செல்லும் வைத்தியம் கண்ணாடிக்குச் செல்லாது.

கம்பத்திலிருந்து வீடு வரை வயரை எப்படி இழுக்க வேண்டும்?

தட்டையான வயர் சுமார் 2×3 மில்லிமீட்டர். தாங்குகம்பியும் சேர்ந்து வந்தால் 2×5. அந்தக் கம்பி எதற்காக இருக்கிறதோ அதற்குப் பயன்படுத்தவே மாட்டேன் என்று பலர் அடம்பிடிக்கிறார்கள். இரண்டு முனையிலும் கம்பியைத் தனியாகப் பிரித்து, கம்பத்துக் கொக்கியிலும் சுவர்க் கொக்கியிலும் கட்ட வேண்டும். பாரம் முழுக்கக் கம்பியில் இறங்க வேண்டும். இழை உள்ள பகுதி தளர்வாகத் தொங்க வேண்டும். மொத்த வயரையும் ஜன்னல் கிரில்லில் முடிச்சுப் போட்டுக் கட்டினால் ஒவ்வொரு காற்றுக்கும் இழை இழுபடும்.

வீட்டுப் பக்கம் 3 முதல் 5 மீட்டர் வரை மிச்சம் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை முனை போடும்போதும் ஒரு சாண் போகும். சுவரில் துளையை வெளிப்பக்கம் தாழ்வாகச் சாய்த்துப் போட வேண்டும். நுழையும் முன் வயர் ஒரு வளைவாகக் கீழே இறங்கி மேலேறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வயரை நுழைத்த பிறகு உள்ளே தலை போடுவதானால் 8 மில்லிமீட்டர் துளை போதும். முடிந்ததும் சிலிக்கான் பூசி அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடியேறும்.

அணிலும் எலியும் கடிக்கும் இடமானால் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். ஈபி வயர் போகும் அதே குழாயில் மட்டும் விட வேண்டாம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியில் பாயும்.

200 எம்பிபிஎஸ் பிளான். வயரில் செருகிப் பார்த்தாலும் 94-க்கு மேல் ஏறவில்லையே?

94, 95 என்று ஆணி அடித்தாற்போல் நின்றால் ஃபைபரைத் திட்டாதீர்கள். எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது. பல ஓஎன்டிகளில் ஒரே ஒரு லேன் போர்ட்தான் கிகாபிட், மற்றவை ஃபாஸ்ட் ஈதர்நெட், அதாவது 100 எம்பிபிஎஸ். பெட்டியின் விவரத்தில் 1ஜிஈ+3எஃப்ஈ என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான். ரவுட்டரில் இணையம் உள்ளே நுழையும் வேன் (WAN) போர்ட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும். '300 எம்பிபிஎஸ்' என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட மலிவு ரவுட்டர்களின் வேன் போர்ட் பெரும்பாலும் 100 தான்.

மூன்றாவது சந்தேகம் லேன் கேபிள். 100 எம்பிபிஎஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பேசி 100-க்கு இறங்கிவிடும், நெட் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகக் கிரிம்ப் செய்வதானால் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் அதே வரிசை. அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசிய சிசிஏ கேபிளைத் தவிர்த்துவிடுங்கள். வளைத்தால் ஒடியும், நீளம் கூடினால் தடுமாறும்.

மாடிக்கு வைஃபை எட்டவில்லை. ஓஎன்டியை நடு ஹாலுக்கு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் ஃபைபரை நீட்டுவதைவிட லேன் கேபிளை நீட்டுவது நல்லது. ஓஎன்டி வயர் நுழையும் இடத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து கேட்6 கேபிள் இழுத்து, வைஃபை தேவைப்படும் இடத்தில் இரண்டாவது ரவுட்டரையோ ஆக்சஸ் பாயின்ட்டையோ வையுங்கள். 100 மீட்டர் வரை கவலையில்லை. கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே தடுக்கும். 2.4 ஊடுருவும், ஆனால் தெருவில் எல்லா வீடும் அதில்தான் நெரிசல். 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

கரண்ட் போனால் நெட் ஓட என்ன வாங்க வேண்டும்? எவ்வளவு நேரம் ஓடும்?

பெரும்பாலான ஓஎன்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. 1 அல்லது 1.5 ஆம்பியர் அடாப்டர் வந்திருக்கும். மினி யுபிஎஸ் வாங்கும்முன் நான்கு விஷயம் பாருங்கள்: வோல்ட் அதேதானா, ஆம்பியர் அதற்குச் சமமோ கூடவோ இருக்கிறதா, நடு முனை பாசிட்டிவா, பின்னின் அளவு 5.5×2.1 மில்லிமீட்டரா 5.5×2.5-ஆ. கடைசியைக் கவனிக்காவிட்டால் பின் லொடலொடவென்று ஆடி, தொட்டால் அணையும்.

நேரக் கணக்கு: 2000 எம்ஏஎச் செல் மூன்று என்றால் 3.7×2×3, அதாவது 22 வாட்-மணி. மாற்றத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் போனால் மீதி 19. பெட்டி 8 வாட் இழுத்தால் இரண்டேகால் மணி நேரம். அட்டையில் 'நான்கு மணி நேரம்' என்று போட்டிருந்தால் அது செல் புதிதாக, சுமை குறைவாக இருக்கும்போது.

உங்களிடம் யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் எல்ஓஎஸ் சிவப்பானால் ஓஎல்டி இருக்கும் அறையில் பேட்டரி இல்லை என்று பொருள். தெருவில் மின்சாரக் கருவி ஏதும் இல்லாததால் வேறு சந்தேகத்துக்கு இடமில்லை.

பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எரிந்தால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். மல்ட்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டினாலும் நம்ப வேண்டாம். சுமை இல்லாமல் அளந்தால் நைந்த அடாப்டரும் 12 காட்டும். வைஃபையில் நான்கு பேர் வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் படுத்துவிடும்.

ஃபைபர் என்றால் இடியால் ஆபத்து இல்லைதானே?

இழையால் இல்லை. அடாப்டர் வழியாக, மாடியிலிருந்து வெளியே இறங்கும் லேன் கேபிள் வழியாக, வயரின் இரும்புக் கம்பி வழியாக உண்டு. லேன் போர்ட் மட்டும் கருகி, பான் விளக்கு ஜோராக எரியும் பெட்டிகளுக்கு இதுதான் நேர்ந்தது. இடி கேட்டால் அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. வெளிச்சுவரில் போகும் லேன் கேபிளையும் கழற்றுங்கள்.

ஓஎன்டியை நாமே கடையில் வாங்கலாமா?

முதலில் உங்கள் நிறுவனம் வெளிப் பெட்டியை ஏற்குமா என்று கேளுங்கள். ஏற்றால், லைன் ஜிபானா ஈபானா என்று கேளுங்கள். எக்ஸ்பான் என்று போட்ட பெட்டி இரண்டிலும் ஓடும். சைரோடெக், நெட்லிங்க் போன்ற பிராண்டுகளில் இந்த வகை கிடைக்கிறது. ஜிபானானால் பெட்டியின் 12 எழுத்துச் சீரியல் எண்ணை, அதாவது தயாரிப்பாளரைக் குறிக்கும் நான்கு எழுத்தும் பின்னால் எட்டு எண்-எழுத்துகளும், அவர்கள் ஓஎல்டியில் ஏற்ற வேண்டும். ஈபானானால் மேக் முகவரியைக் கேட்பார்கள். வாங்கும்போது சாக்கெட்டின் நிறம், கிகாபிட் போர்ட் எத்தனை, 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா என்று பாருங்கள். டிவியும் வேண்டுமானால் சிஏடிவி போர்ட் உள்ளதாக வாங்குங்கள். தொலைபேசி தேவையானால் டெல் போர்ட் இருந்தால் மட்டும் போதாது, வாய்ஸ் அமைப்பை நிறுவனம்தான் தர வேண்டும்.

ஒரே பெட்டியால் தெருவே படுக்குமா?

படுக்கும். ஏறுதிசையில் ஒவ்வொரு பெட்டியும் தன் முறை வரும்போது மட்டும் ஒளி விட வேண்டும். கெட்டுப்போன ஒன்று விடாமல் ஒளிர்ந்தால் அந்தப் போர்ட்டில் மற்ற எல்லோருடைய குரலும் அதில் மூழ்கிவிடும். ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு வயராகக் கழற்றித்தான் பெரும்பாலும் பிடிப்பார்கள். லைன்மேன் உங்கள் இணைப்பைச் சற்றுக் கழற்றினால் கோபிக்க வேண்டாம்.

கழற்றிய வயரின் முனையைப் பார்க்கலாமா?

கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே கண் கூசி மூடிக்கொள்ளவும் செய்யாது. சிவப்பு லேசர் பேனாவையும் நேராகப் பார்க்காதீர்கள். தலை போடும்போது சிதறும் கண்ணாடித் துணுக்குகளை டேப்பில் ஒட்டி எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு மூடச் சொல்லுங்கள். வெறுங்காலில் ஏறினால் எடுப்பது கடினம்.

புகார் கொடுக்கும்போது என்ன சொல்வது?

"நெட் வரல" என்றால் அவர் வந்து ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுப் போவார். எந்த விளக்கு எந்த நிறத்தில், ஆர்எக்ஸ் பவர் இப்போது எவ்வளவு, முன்பு எவ்வளவு, எப்போதிலிருந்து, பக்கத்து வீட்டில் அதே இணைப்பு ஓடுகிறதா என்று சொல்லுங்கள். "எல்ஓஎஸ் அணைஞ்சிருக்கு, −26 காட்டுது, போன மாசம் −20" என்று சொன்னால் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வர வேண்டுமா, தலையைத் துடைத்தால் போதுமா என்று அவரே முடிவு செய்துகொள்வார். ஜிபான் பெட்டிகள் மின்சாரம் போகும் கணத்தில் அதைப் பற்றி ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். அதனால் வயர் அறுந்ததா, வீட்டில் கரண்ட் இல்லையா என்பது அவர்கள் திரையிலேயே தெரியும்.

பழைய ஓஎன்டி சும்மா கிடக்கிறது. வைஃபைக்குப் பயன்படுத்தலாமா?

வைஃபை உள்ளதானால் ஆகும், நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டியது இல்லையென்றால். ரீசெட் செய்யுங்கள். அதன் ஐபியை 192.168.1.2 போல, முதல் பெட்டியின் வரிசையிலேயே மோதாத வேறொன்றாக மாற்றி, ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணையுங்கள். முதல் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள் போடுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே வைத்து, 2.4 சேனலை மட்டும் முதல் பெட்டியிலிருந்து மாற்றி வையுங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். ஃபைபர் சாக்கெட்டில் தூசு மூடியைப் போட்டுவிடுங்கள்.